கோல்டு ரூம் தரை பொங்கிய கதை

முதலில் உரசியது கதவுதான்.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், வடகடலுக்குக் கூப்பிடு தூரத்தில் என் மச்சானுக்கு ஒரு கோல்டு ரூம் இருக்கிறது. நண்டு, கணவாய், கொஞ்சம் இறால். வாங்கி உறையவைத்து, லோடு சேர்ந்ததும் தூத்துக்குடிக்கு அனுப்புவார். இரண்டு அறைகள். பழையதற்குப் பதினெட்டு வயது. புதியது 6 மீட்டருக்கு 5 மீட்டர், கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை. இரண்டும் மைனஸ் 18 டிகிரியில் ஓடுபவை. கம்ப்ரசர், காயில், கேஸ் எல்லாம் என் பொறுப்பு. தரையும் சுவரும் போட்டவர் வேறு ஆள்.

புது அறைக் கதவின் அடி நிலைப்படியில் உரசுகிறது என்று கூப்பிட்டார்கள். கீல் இறங்கியிருக்கும் என்று நினைத்து, கதவின் அடியில் நான்கு மி.மீ. சீவிவிட்டு வந்தேன். ஏழெட்டு மாதத்தில் மறுபடி உரசியது. மறுபடி சீவினேன். மூன்றாவது முறை சீவிக்கொண்டிருந்தபோது அங்கே பெட்டி அடுக்குகிற அக்கா ஒருவர், "கதவை விடுங்க தம்பி, இதப் பாருங்க" என்று அறையின் நடுவில் காலி ட்ராலியை நிறுத்திக் கையை எடுத்தார். ட்ராலி தானாகவே கதவை நோக்கி உருண்டு வந்தது.

கீல் மேல் பழி போட்டது தப்பு. தரைதான் ஏறியிருந்தது.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கக் கொத்தனாரைக் கூட்டி வந்தேன். இந்தக் கடற்கரையில் நாற்பது வருடமாக வீடு கட்டுகிறவர். அவர் வழக்கம்போல டியூப் லெவலைக் கொண்டுவந்து தண்ணீர் நிரப்பி உள்ளே நீட்டினார். மூன்றாவது புள்ளிக்குப் போவதற்குள் தண்ணீர் குழாயிலேயே உறைந்துவிட்டது. "நாப்பது வருசத்துல டியூப் லெவல் கல்லானது இப்பத்தான் தம்பி" என்றார். அப்புறம் சுவருக்குச் சுவர் நூல் கட்டி அளந்தோம். சுவரோரத்தை விட நடுப்பகுதி 64 மி.மீ. உயரம். கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி நாலா பக்கமும் சரிவு. நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு வெடிப்பு, ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகலாம்.

கொத்தனார் சொன்ன காரணம் களிமண். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இந்த வியாதி தெரியும். ஆனால் அப்படி உப்பினால் கோடையில் கொஞ்சமாவது இறங்க வேண்டும். இது மே மாதமும் ஏறியது, டிசம்பரிலும் ஏறியது. மச்சான் சொன்ன தீர்வு, "நடுவுல இருக்கிறத ஒடச்சுட்டு, ஒன்பது இஞ்ச் கான்கிரீட் கம்பி கட்டிப் போட்டுருவோம் மாப்ள, அப்புறம் எது தூக்குதுன்னு பாப்போம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன்.

அதைத் தடுத்தது சித்தப்பா. எல்லைப் பகுதியில் ரோடு போடுகிற பார்டர் ரோட்ஸில் வேலை பார்த்து லடாக்கில் பத்துக் குளிர்காலம் கழித்தவர். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தத் தரையைப் பற்றிப் புலம்பியதும், இலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "அடியில மண்ணு உறைஞ்சிருச்சுப்பா. எங்களுக்கு அங்க ரோடே அப்படித்தான் பொங்கும்." அதோடு இன்னொன்றும் சொன்னார். பனியை வழித்து ஒதுக்கிய ரோடுதான் அதிகம் பொங்குமாம். பக்கத்தில் இரண்டடி பனி மூடிக் கிடக்கும் நிலத்துக்கு அவ்வளவு ஆகாதாம். பனி என்பது அங்கே மண்ணுக்குக் கம்பளி. அதை எடுத்துவிட்டால் மண்ணில் இருக்கிற சூடு நேரே வானத்துக்குப் போகிறது, ரோட்டுக்கு அடியில் உறைவது ஆழமாக இறங்குகிறது.

பாயசம் வரும்வரை எனக்கு அது ஓடிக்கொண்டே இருந்தது. மண்டபத்தில் மண் உறைவதா? வருடம் முழுக்க வியர்க்கிற ஊரில்? ஆனால் யோசித்தால், அந்த முப்பது சதுர மீட்டர் மண்ணுக்கு மட்டும் தலைக்கு மேல் மூன்று வருடமாக ஓயாத லடாக். அங்கேயாவது கோடை வரும். என் கம்ப்ரசர் கோடை விடுவதில்லை.

மறுநாள் தரையின் நடுவிலும் ஓரத்திலும் 12 மி.மீ. துளை போட்டு, மீன் தொட்டிக்கு விற்கிற ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை உள்ளே விட்டு, வாயைப் பஞ்சாலும் ஃபோமாலும் அடைத்தேன். ஒரு நாள் விட்டுப் பார்த்தால் நடுவில், இன்சுலேஷனுக்குக் கீழே மண்ணில், மைனஸ் 7. சுவரோரத்தில் பிளஸ் 4. சித்தப்பா ஜெயித்தார்.

ஆனால் பழைய அறையிலும் சும்மா ஒரு துளை போட்டுப் பார்த்தேன். அங்கே நடுவில் மைனஸ் 3. அங்கேயும் மண் உறைந்துதான் இருக்கிறது, ஆனால் பதினெட்டு வருடமாகத் தரை ரசமட்டம் வைத்த மாதிரி நேராக இருக்கிறது. அப்படியானால் உறைவது மட்டும் காரணம் இல்லை.

வித்தியாசம் மண்ணில் இருந்தது. பழைய அறை கட்டியபோது அடியில் கொட்டியது கடற்கரை மணல். புது அறைக்கு மணல் கிடைக்கவில்லை, விலையும் ஏறிப்போயிருந்தது. அந்தச் சமயத்தில் பக்கத்துக் கண்மாயைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். சவுடு மலிவாகக் கிடைத்தது, கொட்டி நிரவிவிட்டார்கள். வயலுக்கு அதைவிட நல்ல மண் கிடையாது.

இனி ஊகிப்பதை விட்டுச் செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். தரையை உடைக்க மச்சானுக்கு எப்படியும் ஏப்ரல் 15 வரை முடியாது. அன்றுதான் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், விசைப்படகுகள் கரையில் நிற்கும், அறை காலியாகும். அதற்குள் இரண்டு மாதம் இருந்தது.

பட்டறையில் ஒரு பழைய பெட்டி ஃப்ரீசர் கிடந்தது. நான்கு அங்குல பிவிசி பைப்பை இரண்டு அங்குல வளையங்களாக அறுத்து மூன்று மூன்றாக அடுக்கினேன். ஒரே நீளப் பைப்பாக விட்டால் உறைந்த மண் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏற முடியாமல் நிற்கும். வளையங்களாக இருந்தால் மண்ணோடு அவையும் பிரிந்து ஏறும். உள்ளே கிரீஸ் தடவிய பிளாஸ்டிக் தாள். அடியில் துணி கட்டிய சல்லடை. ஒன்றில் கடற்கரை மணல், இரண்டில் கண்மாய்ச் சவுடு. மணல் குழாயும் ஒரு சவுடுக் குழாயும் கிணற்றுத் தண்ணீர்த் தட்டில் நிற்கும். இன்னொரு சவுடுக் குழாயை ஊறவைத்து அடியை மூடிவிட்டேன், புதிதாகத் தண்ணீர் ஏற வழி கிடையாது. மண்ணின் தலையில் ஒரு தகடு, அதன் மேல் செங்குத்தாக ஒரு சைக்கிள் கம்பி, பக்கத்தில் ஸ்கேல். எவ்வளவு ஏறுகிறது என்று மூடியைத் திறந்ததும் தெரியும்.

முதல் முயற்சி பாழ். குழாய்களை அப்படியே ஃப்ரீசரில் நிறுத்தியதில் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் உறைந்து, தட்டுத் தண்ணீரும் பாறையாகி, ஒரு வளையம் பிளந்தது. நிலத்தில் அப்படி நடப்பதில்லை. சூடு மேல்பக்கமாக மட்டும்தான் வெளியே போகிறது, கீழே நிலம் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. அதனால் மீன் பேக் செய்கிற தெர்மோகோல் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியில் மூன்று ஓட்டை போட்டு, குழாய்களின் தலை மட்டும் வெளியே தெரியும்படி உள்ளே நிறுத்தி, சுற்றிலும் மரத்தூள் அடைத்தேன். பெட்டியின் அடியில் ஒரு பழைய குண்டு பல்பு, 15 வாட். ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட் ஒன்று அதை அணைத்து ஏற்றித் தட்டுத் தண்ணீரை 5 டிகிரி வாக்கில் வைத்தது. தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வேலை இது. எர்த் டிரிப் சுவிட்ச் இல்லாமல் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

ஆறாம் நாள் கணக்கு: மணல், அசையவே இல்லை. அடி மூடிய சவுடு, 2 மி.மீ. தண்ணீரில் நின்ற சவுடு, 11 மி.மீ. தட்டில் தண்ணீர் மட்டமும் இறங்கியிருந்தது.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் பருக்கும், அதனால்தான் தரை தூக்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தட்டில் குறைந்த தண்ணீரைப் பார்த்ததும் அது போதாது என்று புரிந்தது. மண் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சி ஏற்றுகிறது. ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1929, 1930-ல் வெளியிட்ட கட்டுரைகளில் இதை அடித்துச் சொன்னார். தண்ணீருக்குப் பதில் பென்சீன் ஊற்றி மண்ணை உறையவைத்துக் காட்டினார். பென்சீன் உறையும்போது சுருங்கும், பருக்காது. அப்படியும் மண் பொங்கியது.

நடப்பது இதுதான். மண் துகளைச் சுற்றி மெல்லிய ஒரு நீர்ப்படலம் இருக்கும், அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உடனே உறையாது. பனிக்கட்டி அந்தப் படலத்திலிருந்து தண்ணீரை எடுத்து வளர்கிறது, படலம் இழந்ததை ஈடுகட்டக் கீழேயிருந்து இழுக்கிறது, விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி. மணலில் இடைவெளி பெரிது, இழுக்கிற வலு இல்லை. சுத்தக் களிமண்ணில் இழுக்கிற வலு உண்டு, ஆனால் தண்ணீர் ஊர்ந்து வருவதற்குள் காலம் போய்விடும். வண்டல் இரண்டுக்கும் நடுவில்: இழுக்கவும் இழுக்கும், வழியும் விடும். கண்மாய்ச் சவுடு முக்கால்வாசி அதுதான்.

இதைச் சோதிக்க ஒரு பாட்டில் போதும். 1930-களின் தொடக்கத்தில் ஆர்தர் காசகிராண்டே என்ற மண் பொறியாளர் வைத்த அளவுகோல் ஒன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மி.மீ.க்கும் சன்னமானவை 3 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்படு. அந்த அளவுத் துகள் நம் ஊர் வெப்பத்தில் 10 செ.மீ. தண்ணீரைக் கடந்து இறங்க ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். மண்ணை ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வைத்து நான்கு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் மேல் பத்து செ.மீ. காபி மாதிரி கலங்கியிருந்தால் அதில் மிதப்பது அத்தனையும் அந்தச் சன்னம்தான். கடற்கரை மணல் ஒரு நிமிடத்தில் தெளிந்தது. சவுடு மறுநாள் காலைவரை தெளியவில்லை.

இரண்டாவது சோதனையில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. இரண்டு குழாயிலும் ஒரே சவுடு, ஒரே தண்ணீர். ஒன்றின் தலையைத் திறந்து விட்டேன். இன்னொன்றின் தலைக்கு மேல் இரண்டு அங்குலத் தெர்மோகோல் மூடி. மூடியது மெதுவாக உறையும், குறைவாகப் பொங்கும் என்று நோட்டில்கூட எழுதி வைத்தேன். திறந்தது ஒன்றரை நாளில் முக்கால் ஆழம் உறைந்தது, 4 மி.மீ. ஏறி நின்றுவிட்டது. மூடியது எட்டு நாள் ஏறிக்கொண்டே இருந்தது. 13 மி.மீ.

இரண்டையும் வெளியே எடுத்து நெட்டுவாக்கில் அறுத்தேன். திறந்த குழாயில் மண் முழுக்க ஒரே மாதிரி இறுகி, உப்புத் தூவிய மாதிரி நுண்ணிய மினுக்கம். மூடிய குழாயில் மேலிருந்து ஐந்து செ.மீ. ஆழத்தில் கண்ணாடி மாதிரி தெளிந்த பனி அடுக்கு, ஒரே இடத்தில் ஒன்பது மி.மீ. கனம்.

சூடு வேகமாக வெளியேறினால் உறைகிற எல்லை கீழ்நோக்கி ஓடிவிடுகிறது, இருக்கிற தண்ணீர் இருந்த இடத்திலேயே உறைகிறது, கீழேயிருந்து தண்ணீர் வந்து சேர நேரமில்லை. சூடு நிதானமாக வெளியேறினால் கதை வேறு. ஒவ்வொரு கிலோ தண்ணீரும் பனிக்கட்டியாகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. மேலே போகிற வெப்பத்தை, கீழேயிருந்து வருகிற நிலத்துச் சூடும் இந்த உறைவெப்பமும் சேர்ந்து ஈடுகட்டிவிட்டால், எல்லை அங்கேயே நின்றுவிடும். நின்ற இடத்தில் அடுக்கு தடித்துக்கொண்டே போகும். அரைகுறை இன்சுலேஷன் போட்ட தரை அதற்கென்றே செய்த மாதிரி: மண்ணை உறையவைக்கிற அளவுக்குச் சூட்டை விடும், அவசரப்படாத அளவுக்குத் தடுக்கும். வருடக்கணக்கில்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டர் தரையில் வரவை விட ஒரே ஒரு வாட் வெப்பம் கூடுதலாகச் செலவாகி, அது அத்தனையும் பனி அடுக்கு வளர்க்கப் போனால், ஒரு நாளைக்கு 86.4 கிலோஜூல். அது 0.26 கிலோ தண்ணீரை உறையவைக்கும். ஒரு நாளைக்கு 0.28 மி.மீ. பனி. வருடத்துக்கு 10 செ.மீ. எங்கள் தரை சுமார் 900 நாளில் 64 மி.மீ. ஏறியது. அடுக்குக்குச் செலவானது கால் வாட்! சாமி படத்துக்குப் போடுகிற குட்டி எல்இடி பல்புகூட அதைவிட அதிகம் இழுக்கும்.

கான்கிரீட் யோசனையும் அதே நோட்டில் செத்தது. பனி அடுக்கு மேல்நோக்கித் தள்ளுகிற விசைக்குக் கோட்பாட்டு உச்சம், பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 11 வளிமண்டல அழுத்தம், அதாவது சதுர மீட்டருக்கு நூறு டன்னுக்கு மேல். நிஜத்தில் அவ்வளவு வராது என்றாலும், ஒன்பது இஞ்ச் கான்கிரீட்டும் அதன் மேல் நண்டுப் பெட்டியும் சேர்ந்து இரண்டு டன் தேறாது. மச்சானிடம் நோட்டைக் காட்டினேன். "அப்ப கம்பி கட்டினா கம்பியோட தூக்கும்ங்கிற" என்றார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிந்தது.

ஏப்ரல் 15 காலையில் கம்ப்ரசரை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தோம். பதினோராம் நாள் நடுவில் கொத்தனார் ஆட்கள் உடைக்கத் தொடங்கினார்கள். முழுதும் உருகக் காத்திருந்தால் அடியில் என்ன இருந்தது என்று பார்க்க முடியாது என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

கான்கிரீட்டுக்குக் கீழே பாலிதீன் தாள். அதன் கீழே இரண்டு அங்குலத் தெர்மோகோல். ஒரு பலகையைத் தூக்கப் போன பையன் கீழே போட்டுவிட்டான், தண்ணீர் குடித்து அப்படிக் கனத்தது. இங்கேதான் தரை போட்டவரின் தவறு. வீட்டுத் தரைக்குப் போடுகிற பழக்கத்தில் தாளை மேலே விரித்திருந்தார். நீராவி எப்போதும் சூட்டிலிருந்து குளிரைப் பார்த்துத்தான் நகரும். கோல்டு ரூமில் சூடான பக்கம் கீழே இருக்கிற நிலம். தாள் அந்தப் பக்கம், தெர்மோகோலுக்கு அடியில் இருக்க வேண்டும். மேலே போட்டதால் கீழேயிருந்து ஏறிய ஈரம் வெளியே போக முடியாமல் தெர்மோகோலிலேயே தங்கி உறைந்தது. நனைந்த இன்சுலேஷன் காய்ந்ததைப் போலப் பாதி வேலைகூடச் செய்யாது. முதல் வருடம் நன்றாக இருந்த தரை அப்புறம் வேகம் பிடித்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தெர்மோகோலை அகற்றியதும் மண். கடப்பாரை பட்டதும் டங்கென்று சத்தம். ஒரு ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்து டார்ச் அடித்தேன். பழுப்பு மண்ணுக்கு நடுவே படுக்கைவாட்டில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், பரோட்டாவைப் பிய்த்தால் தெரிகிற அடுக்கு மாதிரி. மேலே காகிதக் கனம், நெருக்கமாக. கீழே போகப் போக இடைவெளி கூடி, அடுக்கும் தடித்தது. அறுபது செ.மீ. ஆழத்தில் ஒன்று என் சுண்டுவிரல் கனம் இருந்தது. எழுபதில் உறைவு முடிந்தது. அதற்குக் கீழே மண் ஈரம் குறைந்து, வியப்பாக, தொட்டால் உதிர்ந்தது. இருந்த தண்ணீரை மேலே இருந்தது உறிஞ்சிவிட்டது. சுவரோரம் வரவர உறைவு மேலேறி, மொத்தமாக ஒரு சட்டி வடிவம்.

அந்தத் தடித்த அடுக்கில் ஒரு துண்டைப் பெயர்த்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவு கரிக்கும். இது பேருக்குத்தான் கரித்தது. பனிக்கட்டி வளரும்போது உப்பை ஒதுக்கித் தள்ளிவிடும். கொத்தனார் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது.

ஆழம் தெரிந்ததும் வீட்டில் போட்ட கணக்கைச் சரிபார்த்தேன். எழுபது செ.மீ. மண்ணில் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர் என்று வைத்து, அத்தனையும் இருந்த இடத்திலேயே பருத்தாலும் 25 மி.மீ.தான் ஏறும். மீதி ஏறக்குறைய நாற்பதும் கீழேயிருந்து ஏறி வந்த தண்ணீர். வெப்பக் கணக்கிலும் அப்படித்தான். அந்தத் தரை வழியாக அறைக்குள் போனது சதுர மீட்டருக்கு 18 வாட் வாக்கில். மண்ணில் இருந்த தண்ணீரை உறையவைத்தது, அடுக்கு வளர்த்தது எல்லாம் சேர்த்து ஒன்றரை வாட். மற்ற பதினாறையும் நம்ம ஊர் நிலம் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கொஞ்சம் கை கொடுத்திருந்தால் சமாளித்திருக்கும்.

மண் மொத்தத்தையும் தொண்ணூறு செ.மீ. வரை அள்ளினோம், பத்து டிராக்டர் லோடு. உருக உருக அது சேறாகி, ஆட்கள் முழங்கால் வரை புதைந்தார்கள். சித்தப்பா லடாக்கில் கோடைத் தொடக்கத்தில்தான் லாரிகள் ரோட்டில் அமுங்கும் என்று சொன்னது இதைத்தான். மச்சானின் தென்னந்தோப்பு அவ்வளவையும் வாங்கிக்கொண்டது.

திரும்ப நிரப்பியது இப்படி. கீழே ஒரு அடிக்கு 40 மி.மீ. ஜல்லி, அவ்வளவு பெரிய இடைவெளியைத் தாண்டித் தண்ணீர் ஊறி ஏறாது. ஜல்லிக்கு மேல் சாக்கு விரித்துக் கழுவிய மணல். மணலுக்குள் ஒரு மீட்டர் இடைவெளியில் ஆறு நான்கு அங்குல பிவிசி குழாய்கள், இரண்டு முனையும் சுவருக்கு வெளியே. மேலே பிசிசி, அதாவது கம்பியில்லாத கான்கிரீட், அதன் மேல் தடித்த பாலிதீன் இரண்டு தாள், மூட்டுகள் ஒட்டி, ஓரம் சுவரில் ஒரு அடி ஏற்றி. அதற்கு மேல் 75 மி.மீ. பஃப் (பாலியூரிதேன் ஃபோம்) இன்சுலேஷன் பலகை இரண்டு அடுக்கு, மேலடுக்கின் மூட்டு கீழடுக்கின் மூட்டின் மேல் விழாமல். கடைசியில் கான்கிரீட்.

குழாய்கள் விஷயத்தில் மச்சானோடு ஒரு நாள் வாதம். தரைக்கடியில் ஹீட்டர் கேபிள் போடுவதுதான் பெரிய கோல்டு ஸ்டோரேஜ்களில் வழக்கம், சிலர் கிளைக்கால் என்ற, எளிதில் உறையாத திரவத்தைக் கம்ப்ரசரின் கழிவுச் சூட்டிலேயே சூடாக்கித் தரைக்கடியில் சுற்ற விடுவார்கள். கேபிள் அறுந்தால் தரையை உடைக்காமல் தெரியாது, கரண்டு போனால் அதுவும் போகும். எங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது 30 டிகிரிக் கடற்காற்று. கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்மேற்கிலிருந்தும், வாடையில் வடகிழக்கிலிருந்தும் வரும். குழாய்களை அந்தத் திசைக்குப் போட்டால் வருடத்தில் பெரும்பகுதி ஊதிக்கொண்டே இருக்கும். "பஃப் ஆறு இஞ்ச் போட்டாச்சு, அப்புறம் குழாய் எதுக்கு?" என்றார். கணக்குப்படி வேண்டியதில்லைதான். எங்களுடையது சின்ன அறை, பக்கவாட்டிலிருந்தே நிலத்துச் சூடு வந்து சேர்ந்துவிடும். ஆனால் பஃப் நனையாது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? முப்பது, நாற்பது மீட்டர் அகல அறை என்றால் நடுப்பகுதிக்கு ஓரத்துச் சூடு எட்டவே எட்டாது, எவ்வளவு கனம் போட்டாலும் கடைசியில் உறையும். அவர் வருங்காலத்தில் அறையைப் பெரிதாக்குவார், எனக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: கடற்காற்றில் ஈரம் அதிகம், குளிர்ந்த குழாயில் வியர்த்துக் கொட்டும். ஒரு பக்கம் இரண்டு அங்குலமாவது சரிவு வேண்டும், இல்லாவிட்டால் குழாயே குளமாகும். இரண்டு முனையிலும் எலி நுழையாத ஸ்டீல் வலை.

மூன்று இடத்தில் தெர்மாமீட்டர் முனைகளை மண்ணிலேயே புதைத்து ஒயரை வெளியே கொண்டுவந்திருக்கிறேன். ஜூன் 12-ல் கம்ப்ரசரை ஓட்டிப் படிப்படியாக இறக்கினோம். தடைக்காலம் முடிந்து முதல் படகுகள் கரைக்கு வந்தபோது அறை மைனஸ் 14-ல் இருந்தது, மச்சான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று நாளில் 18-க்கு வந்தது. பஃபுக்கு அடியில் நடுப்புள்ளி ஆகஸ்டில் 21 டிகிரி, ஜனவரி வாடையில் 16. நூல் கட்டிப் பார்த்தால் தரையில் ஒரு மி.மீ. வித்தியாசம் இல்லை. சரிவுப் பக்கத்துக் குழாய் முனைகளில் நாள் முழுக்கச் சொட்டுகிறது. அடியில் யாரோ ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்திருக்கிறார்கள், ஏலக்கூடத்துப் பூனைகள் வந்து குடிக்கின்றன.

பழைய அறையை இப்போதைக்குத் தொடவில்லை. மணல் மேல் இருக்கிறது, மைனஸ் 3-ல் கிடக்கிறது, பொங்கவும் இல்லை. மாதம் ஒருமுறை நூல் கட்டிப் பார்க்கிறோம்.

புது அறையில் ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. தரை பழைய மட்டத்துக்கு இறங்கியதும், மூன்று முறை நான் சீவிய கதவுக்கும் நிலைப்படிக்கும் நடுவில் 12 மி.மீ. இடைவெளி. கம்ப்ரசர் ஓடும்போது அதன் வழியாக வெண்புகை மாதிரி குளிர் தரையோடு வழிந்து வெளியே வந்தது. லாரி மட்கார்டு ரப்பரில் ஒரு பட்டை வெட்டி ரிவெட் அடித்திருக்கிறேன்.